தீபாவளிக்குக் கம்போங் ராஜா போறீங்களா? இன்புளுவென்சா பரவலில் முதல் இரண்டு வாரம் ஏன் முக்கியம்

2025-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் வேலை பார்க்கிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பும் வாரம் இது. உங்கள் ஊர் கேமரன் மலையின் வடக்கு முனையில் இருக்கும் கம்போங் ராஜா என்றால், ஈப்போவுக்கு முன்னாலேயே சிம்பாங் பூலாயில் திரும்பி மலை ஏறப் போகிறீர்கள். பையில் பலகாரமும் புதுத் துணியும் இருக்கும். இந்த முறை கூடவே ஒரு வைரஸும் ஏறி வரலாம்.

சுகாதார அமைச்சின் கணக்கைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 4 வரையிலான வாரத்தில் நாடு முழுவதும் 97 இன்புளுவென்சா கிளஸ்டர்கள் பதிவாகின. அதற்கு முந்தைய வாரம் வெறும் 14. ஒரே இடத்தில், ஒன்றோடொன்று தொடர்புள்ள பல சம்பவங்கள் சேர்ந்தால் அதைத்தான் கிளஸ்டர் என்கிறார்கள். சிலாங்கூரில் 43, கோலாலம்பூர்-புத்ராஜெயாவில் 15, பினாங்கில் 10, ஜொகூரில் 9, கெடாவில் 5. பெரும்பாலானவை பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும்தான். அக்டோபர் 13-ஆம் தேதி, நாட்டில் சுமார் 6,000 மாணவர்களுக்குத் தொற்று ஏற்பட்டிருப்பதாகக் கல்வித் தலைமை இயக்குநர் முகமட் அசாம் அஹ்மாட் சொன்னார். சில பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. முகக்கவசம் போடுங்க, கூட்டமா நடத்துற நடவடிக்கைகளைக் குறைங்க என்று கோவிட் காலத்துப் பாடத்தையே பள்ளிகளுக்கு மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள். எஸ்.பி.எம். நெருங்குகிற நேரம் வேறு.

இது புது வைரஸ் இல்லை. வழக்கமாக வந்து போகிற பருவகால இன்புளுவென்சா ஏ-யும் பி-யும்தான். அதனால் பதற்றப்பட வேண்டியதில்லை. ஆனால் "வெறும் ஃபுளூதானே" என்று தோளைக் குலுக்குவதற்கு முன் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. இன்புளுவென்சா வந்து மருத்துவமனை வரை போகிறவர்களில் வயதானவர்கள், ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் எல்லாரோடும் நீரிழிவு நோயாளிகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள். தோட்டத்தில் இருக்கும் உங்கள் பாட்டிக்கு வயதும் ஆகிவிட்டது, இனிப்பு நீரும் இருக்கிறது என்றால், அவருக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

பட்டியலில் பகாங் எங்கே?

மேலே சொன்ன ஐந்து இடங்களில் பகாங் இல்லை. அப்போ கேமரன் மலையில் ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போகலாம் என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இன்புளுவென்சாவை நாடு எப்படிக் கண்காணிக்கிறது என்று தெரிந்தால் இந்த எண்களை வேறு மாதிரி படிப்பீர்கள். காய்ச்சல், இருமல் என்று வருகிற எல்லாருக்கும் யாரும் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சில கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் வாராவாரம் எத்தனை பேர் இந்த அறிகுறிகளோடு வந்தார்கள் என்று கணக்குக் கொடுக்கின்றன. அதோடு, ஓரிடத்தில் பலர் ஒரே நேரத்தில் விழுந்தால் அந்த இடம் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுகிறது. கவனியுங்கள்: "அந்த இடம் சொல்லுகிறது."

பள்ளி ஏன் சொல்லுகிறது? தினமும் காலையில் அங்கே பெயர் கூப்பிடுகிறார்கள். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் எட்டு நாற்காலி காலியாக இருந்தால் டீச்சருக்கு ஏழரை மணிக்கே தெரிந்துவிடும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எட்டு மணிக்குள் "என் பிள்ளைக்கும் காய்ச்சல்" என்று நாலு பேர் போட்டிருப்பார்கள். அதனால்தான் கிளஸ்டர்கள் பள்ளிகளில் தெரிகின்றன. வைரஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் வேகமாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே எண்ணுகிற ஆள் இருக்கிறார் என்பதும் அதே அளவு உண்மை. சிலாங்கூரில் பள்ளியும் அதிகம், தனியார் கிளினிக்கும் அதிகம், பரிசோதனையும் அதிகம். 43 என்ற எண்ணுக்குள் இதெல்லாம் அடங்கியிருக்கிறது.

கம்போங் ராஜாவுக்கு வாருங்கள். தேயிலைத் தோட்டம், காய்கறித் தோட்டம், பூந்தோட்டம். வேலை செய்கிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. ஆனால் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. பள்ளியில் படிக்காத, கிளினிக்குக்கு அடிக்கடி போகாத இந்தப் பெரியவர்கள் பத்துப் பேர் ஒரே கொங்சி வீட்டில் காய்ச்சலில் படுத்தால், அது எந்தப் பட்டியலில் வரும்?

பெரட்டு என்று ஒன்று இருந்தது

உங்கள் தாத்தா பாட்டியிடம் "பெரட்டு" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன் தோட்டத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அங்கேயே விசாரிப்பார்கள். கூலிக் கணக்குக்காகவும் ஆளைக் கட்டுக்குள் வைத்திருக்கவும் செய்த ஏற்பாடு அது. அதில் இனிய நினைவு என்று கொண்டாட அதிகம் இல்லை. ஆனால் ஒரு தொற்றுநோய் நிபுணர் கண்ணால் பார்த்தால், தினசரி வருகைக் கணக்கு என்பது நோய்க் கண்காணிப்பின் ஆகப் பழைய கருவி. காய்ச்சலால் வராதவர் எண்ணிக்கை நேற்று இரண்டு, இன்று ஒன்பது என்றால், ஆய்வுக்கூட முடிவு வருவதற்கு நாலு நாள் முன்னாடியே ஏதோ நடக்கிறது என்று புரிந்துவிடும்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையாவது செய்ய ஓர் ஆளும் இருந்தார். தோட்டத்து மருத்துவ உதவியாளர். நம் ஆட்கள் வாயில் "டிரஸர்". இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் நாட்டில் தனிச் சட்டம் வந்தது. தோட்டங்கள் சுருங்கி, கைமாறி, மக்கள் பட்டணத்துக்குப் போக, பல இடங்களில் அந்த வேலையும் மெல்லக் காணாமல் போனது. மருத்துவம் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனது நல்ல விஷயம்தான். அங்கே டாக்டர் இருக்கிறார், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஆனால் டிரஸர் லயத்துக்கு நடந்து வருவார். கிளினிக் நடந்து வராது.

பழைய ஏற்பாடு எல்லாரையும் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. 1918 அக்டோபரில் உலகப் பெருந்தொற்றின் கொடிய அலை மலாயாவை அடித்தபோது, ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். நெருக்கமான லயம், சத்தில்லாத சாப்பாடு, ஏற்கெனவே மலேரியாவால் நொந்த உடம்பு. பெரட்டில் ஆள் குறைந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்ததை வைத்துச் செய்ய அன்று கையில் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. (கேமரன் மலைக்கு அந்த அலையில் தோட்டக் கதை கிடையாது. இங்கே முதல் பெரிய தேயிலைத் தோட்டமான போ தொடங்கியதே 1929-இல்தான்.)

மெக்சிகோவின் ஒரு மலைக் கிராமம்

"சின்ன ஊரில் நாலு பேருக்குச் சளி பிடிச்சா நாட்டுக்கு என்ன?" என்று கேட்டால், 2009-இல் நடந்ததைச் சொல்லலாம்.

மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்தில் லா குளோரியா என்று ஒரு மலைப்பகுதிக் கிராமம். மக்கள் தொகை சுமார் 2,155. அந்த ஆண்டு மார்ச் 5 முதல் ஏப்ரல் 10 வரை அங்கே 616 பேருக்கு மூச்சுத்தொற்று வந்தது; ஊரில் நாலில் ஒருவருக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஊர்க்காரர்கள் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளைக் கைகாட்டிப் புகார் செய்துகொண்டிருந்தார்கள். பிழைப்புக்காக வாரம் முழுக்க மெக்சிகோ நகரில் தங்கி, வார இறுதியில் ஊர் திரும்புகிறவர்கள் அங்கே நிறையப் பேர். கம்போங் ராஜாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இருக்கிற மாதிரியான போக்குவரத்து.

சுகாதார அதிகாரிகள் ஏப்ரலில் ஊருக்கு வந்து பார்த்தார்கள். வழக்கமான பருவகாலத் தொற்று என்றுதான் முதலில் பட்டது. ஏப்ரல் 23-ஆம் தேதி, மெக்சிகோ அனுப்பிய மாதிரிகளில் இருப்பது புதிய எச்1என்1 வைரஸ் என்று கனடாவின் வின்னிபெக் ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. அன்று இரவே மெக்சிகோ நகரின் பள்ளிகளை மூட அறிவிப்பு வந்தது. சில நாளில் நாடு முழுக்கப் பள்ளிகள் மூடின. மே முதல் வாரத்தில் அத்தியாவசியமில்லாத வேலைகளையும் நிறுத்தினார்கள். லா குளோரியாவில் எடுத்த மாதிரிகளில் ஒரு சிறுவனுடையதில் அதே வைரஸ் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இங்கே நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். 616 பேருக்கும் அந்தப் புது வைரஸ்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. லா குளோரியாதான் பெருந்தொற்றின் பிறப்பிடம் என்பதும் உறுதியில்லை. பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் மெக்சிகோவின் மத்திய-மேற்குப் பகுதிப் பன்றிகளைச் சுட்டின. ஆனாலும் மார்ச் 5-க்கும் ஏப்ரல் 23-க்கும் நடுவே ஏழு வாரம் இருக்கிறது. மெக்சிகோ நகரம் பள்ளிகளை மூடிய வேகத்தை உலகமே பாராட்டியது. அந்த நகரத்தின் கடிகாரம் ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. ஒரு கிராமம் மார்ச்சிலேயே இருமிக்கொண்டிருந்தது.

சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம்?

இன்புளுவென்சா ரொம்ப அவசரக்கார வைரஸ். உடம்புக்குள் போய் ஒன்றிலிருந்து நாலு நாளில், சராசரியாக இரண்டு நாளில், அறிகுறி காட்டும். அறிகுறி வருவதற்கு ஒரு நாள் முன்னாடியே அடுத்தவருக்குப் பரவ ஆரம்பித்துவிடும். அதன் பிறகு ஐந்தாறு நாள் வரை பரவும். சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் அதிக நாள். அதனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு புதுத் தலைமுறை நோயாளிகள் உருவாகிவிடுவார்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் இரண்டு மூன்று தலைமுறை ஓடிவிடும்.

1918-இல் அமெரிக்காவின் இரண்டு நகரங்களை ஆய்வாளர்கள் ஒப்பிடுவது இதனால்தான். பிலடெல்பியாவில் செப்டம்பர் 17 வாக்கில் பொதுமக்களிடம் நோய் தெரிந்தது. இருந்தும் செப்டம்பர் 28-ஆம் தேதி போர்க்கடன் ஊர்வலம் நடந்தது. இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். அக்டோபர் 3-இல்தான் பள்ளி, திரையரங்கு, தேவாலயம் எல்லாம் மூடின. செயின்ட் லூயிஸில் அக்டோபர் 5-இல் நோய் தெரிந்தது, 7-ஆம் தேதியே மூடிவிட்டார்கள். உச்ச வாரத்தில் பிலடெல்பியாவில் ஒரு லட்சம் பேருக்கு 257 பேர் கூடுதலாக இறந்தார்கள். செயின்ட் லூயிஸில் 31. இரண்டு வாரத் தாமதத்தின் விலை அது.

"அப்போ எல்லையிலேயே தடுத்துட்டா?" என்பது அடுத்த கேள்வி. 2009-இல் மலேசியா அதைச் செய்து பார்த்தது. விமான நிலையத்தில் உடல் வெப்பமானிகள் நின்றன. மே 15-ஆம் தேதி முதல் சம்பவம் உறுதியானது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு மாணவர். ஜூன் நடுவில் உள்நாட்டுப் பரவல், ஜூலை 23-இல் முதல் மரணம். வெப்பமானிக்கு, நாளைக்குக் காய்ச்சல் வரப்போகிறவரை இன்று கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சில வாரங்களில் மருத்துவமனைகள் தயாராக நேரம் கிடைத்தது, அதுவும் பெரிய விஷயம்தான். கம்போங் ராஜாவுக்கு அப்படிப்பட்ட வாசலும் கிடையாது. வார இறுதியில், பள்ளி விடுமுறையில், பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம், திரிங்காப், குவாலா தெர்லா வரை கார்கள் ஊர்ந்து போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுமார் 39 ஆயிரம் பேர் வாழும் மாவட்டத்துக்கு அத்தனை ஊர்க் காற்றும் வந்து போகிறது.

வீட்டிலேயே இருங்கள் என்றால், முடியுமா?

எந்த நாட்டுச் சுகாதார அமைச்சும் முதல் நாள் சொல்லும் வாசகம் இதுதான்: உடம்பு சரியில்லையா, வீட்டிலேயே இருங்கள். சரியான அறிவுரை. என் பார்வையில், முதல் இரண்டு வாரத்தின் வெற்றியோ தோல்வியோ இந்த ஒரு வரியை எத்தனை பேரால் பின்பற்ற முடிகிறது என்பதில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரம் ஆறு நாள் வேலை செய்யும் தினக்கூலிக்காரருக்கு அது நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென். ஐந்து நாள் படுத்தால் கிட்டத்தட்ட 327 ரிங்கிட். கிலோ கணக்கில் கொழுந்து பறிக்கிறவருக்குக் கையில் நிற்கும் தொகை இன்னும் மாறும்.

சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தரவில்லையா? தருகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பதிவு பெற்ற மருத்துவரின் எம்.சி. வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அனுமதியின்றி வேலைக்கு வராதவர் ஆகிவிடுவார்.

இதை மலையில் வைத்துப் பாருங்கள். கம்போங் ராஜாவில் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில். சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை, விடுமுறை நாளில் எத்தனை மணி நேரம் என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்குள்ளிருந்து கிளினிக்குக்கு வருவதற்கே யாராவது வண்டி கொடுக்க வேண்டும். 39 டிகிரி காய்ச்சலில் இருப்பவர் ஒரு சீட்டுக்காக லாரியில் ஏறி, நாலு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிளினிக்கில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அங்கே தடுப்பூசி போட வந்த கைக்குழந்தையும் இருக்கும். "பனடோல் போட்டுட்டு வேலைக்குப் போயிரலாம்" என்று அவர் முடிவு செய்தால், அதைப் பொறுப்பின்மை என்று பட்டணத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இன்னும் ஒரு படி தூரம். அரசாங்கக் கிளினிக்கில் அவர்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட் இல்லை, பல மடங்கு. ஆவணம் இல்லாதவராக இருந்தால் பயமும் சேரும். அப்படிப்பட்டவர்கள் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்லும் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை 2001 முதலே இருக்கிறது. அவர்கள் கடைசி நேரம் வரை வரமாட்டார்கள். வராதவரை எந்தக் கண்காணிப்பும் எண்ணாது. வைரஸ் மட்டும் பாஸ்போர்ட் பார்க்காது; அதே கொழுந்து மூட்டையைத் தூக்குகிற உங்கள் மாமாவுக்கும் வரும், அவர் வழியாக வீட்டுக்கும் வரும்.

குடியிருப்பையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த விதிகள், பலர் சேர்ந்து தங்கும் கூடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் படுக்கை இடம் வேண்டும் என்கின்றன. முன்பு இருந்ததை விட இது முன்னேற்றம். ஆனால் 3 சதுர மீட்டரில் தனிமைப்படுத்திக்கொள்வது எப்படி? ஒரு தோட்ட நிர்வாகம் முதல் வாரத்திலேயே செய்யக்கூடிய பயனுள்ள காரியம், காலியாகக் கிடக்கும் ஒரு வீட்டையோ சமூக மண்டபத்தையோ காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்குவதுதான். அடுத்தது, எம்.சி. வாங்க ஆளை அனுப்புவதற்குப் பதிலாக வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவரையோ மருத்துவ உதவியாளரையோ தோட்டத்துக்குக் கொண்டுவருவது. இரண்டுக்கும் பெரிய செலவில்லை. பாதிப் பேர் படுத்த பிறகு ஆகும் நட்டத்தோடு ஒப்பிட்டால், மிச்சம்தான்.

பள்ளியை மூடினால்?

மூடுவது வேலை செய்யும், முதலிலேயே மூடினால். ஆனால் மூடிய பள்ளியின் பிள்ளை எங்கே போகும்? பெட்டாலிங் ஜெயாவில் அப்பா வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். தேயிலை மலையில் அம்மா அப்பா இருவரும் காட்டில். பிள்ளை பாட்டி வீட்டில். இருமுகிற பிள்ளையை வகுப்பிலிருந்து எடுத்து, ஆபத்து அதிகமுள்ளவரின் மடியில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். ஜப்பானில் முழுப் பள்ளியையும் மூடாமல், ஒரு வகுப்பில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் அந்த வகுப்பை மட்டும் சில நாள் நிறுத்தும் பழக்கம் உண்டு. நகரத்துப் பள்ளிக்கு நல்ல யோசனை. ஒரு வகுப்பில் எட்டுப் பேர் படிக்கிற சின்னத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு பேர் வரவில்லை என்றாலே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அதனால் தோட்டப் பள்ளிக்கு விழுக்காட்டை விட, தலைமையாசிரியரிடம் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கைப்பேசி எண் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று, "கேமரன் குளிர்ல சளி பிடிச்சிருச்சு" என்று எல்லாரும் சொல்வோம். குளிர் வைரஸை உண்டாக்குவதில்லை. குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏழு பேர் ஒரே அறையில் படுப்பதுதான் அதற்கு வசதி. நம் நாட்டில் இன்புளுவென்சா ஆண்டு முழுக்க இருக்கிறது, இடையிடையே உயருகிறது. பனிக்காலம் என்று ஒன்றுக்காகக் காத்திருப்பதில்லை.

கிளம்புவதற்கு முன்னாடி

உங்களுக்கே நேரடியாகச் சில விஷயம். இன்று தடுப்பூசி போட்டால் தீபாவளிக்குள் பலன் கிடைக்காது. உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். அதற்காக விட்டுவிடாதீர்கள், பரவல் தீபாவளியோடு முடியப் போவதில்லை. 60 வயதைத் தாண்டி, நீரிழிவு, இதய நோய் மாதிரி ஏதாவது இருப்பவர்களுக்கு அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசித் திட்டம் உண்டு. மைசெஜாத்ராவில் முன்பதிவு செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தோட்டத்தில் நிறையப் பேர் இருப்பார்கள். ஊருக்குப் போனதும் முறுக்கு சாப்பிடும் நேரத்தில் பாட்டியின் கைப்பேசியை வாங்கி அதைச் செய்து கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை தொண்டை கரகரத்தால், மருந்தகத்தில் கிடைக்கும் இன்புளுவென்சா-கோவிட் சுயபரிசோதனைக் கருவியில் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். கஷ்டம்தான், தெரியும், பஸ் டிக்கெட் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். நெகட்டிவ் வந்தும் காய்ச்சல் இருந்தால் நம்பிவிட வேண்டாம், இந்தக் கருவிகள் முதல் நாளில் தவறவிடுவது உண்டு. ஊரில் இருக்கும்போது பாட்டிக்குக் காய்ச்சல் வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம். இன்புளுவென்சாவுக்கான ஒசெல்டமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஆபத்துள்ளவர்களுக்கு மருத்துவர் அதைப் பரிந்துரைக்கலாம். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு நீலமாவது, பேச்சு குழறுவது, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் நேரே மருத்துவமனைக்கு. தீபாவளிப் போக்குவரத்தில் தானா ராத்தா பக்கமா, கீழே ஈப்போ பக்கமா, எந்த வழி சீக்கிரம் என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வார எண்களைப் படிக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். தீபாவளி விடுமுறையில் பள்ளிகள் மூடியிருக்கும். பெயர் கூப்பிட ஆள் இருக்காது; புதிய பள்ளிக் கிளஸ்டர்கள் குறைந்தது போலத் தெரியும். அதில் எவ்வளவு உண்மையான இறக்கம், எவ்வளவு எண்ணாததால் வந்த இறக்கம் என்பது, பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். தோட்டங்களில் அந்த ஒரு வாரத்துக்குப் பிறகும் தெரியாமல் போகலாம், அங்கே யாராவது எண்ண ஆரம்பித்தால் தவிர.